புடவை கட்டாத மங்களத்துக்கு

என் வீட்டு வெளிச்சமே, மங்களம்,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேசினாலும் பாதிதான் புரியும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அங்கே போனவர்களுக்கு எல்லாப் பாஷையும் தன்னால் வந்துவிடும் என்று நம் கோயில் பண்டாரம் சொன்னார். சொன்னாரோ, நானே நினைத்துக்கொண்டேனோ. எப்படியானாலும் இதை அச்சில் போடப்போகிற பத்திரிகைக்காரர் மலாயில் எழுதினால் போடமாட்டேன் என்கிறார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற தமிழை அவரே ஒரு தட்டுத் தட்டி நேராக்கிக்கொள்வார்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாடு இப்போது சொந்த நாடாகிவிட்டது, தெரியுமா? மெர்டேக்கா வந்து பத்து மாசம். அதற்கு முன்னால் நம்ம மலாக்கா டவுன் பாடாங் மைதானத்தில்தான் அந்தத் தேதியையே சொன்னார்கள். அன்றைக்கு நான் முதல் வரிசையில் நின்றேன், பெரிய தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சரி, முதல் வரிசை இல்லை. ஒரு மரக்கிளையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தலையசைத்தது நிஜம்.

இந்த இடத்தில் நீ இருந்தால் "சுடா" என்று சொல்லியிருப்பாய். போதும், நிறுத்து. தைக்கிற துணியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொல்வாய். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. என் பேச்சு எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. நம் காஜா பேராங் பேட்டை முழுக்க, சின்னதிலிருந்து பெரியது வரைக்கும், என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். புருஷன் என்ற உரிமையோடு அபாங் என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி வேறே இருக்கிறது. ஊரிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். ஒரு மாசம் இருந்துவிட்டுப் போன வாரம் கப்பலேறினார்கள். அந்த ஒரு மாசத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்ற நாளெல்லாம் சாப்பாடும் மழையும்தான்.

அக்கா எதற்கு வந்தாள் என்று முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே. எங்கள் வீட்டில், புருஷனுக்கு முன்னால் பூவும் பொட்டுமாகப் போகிற பெண்ணைப் பூவாடைக்காரி என்போம். தை மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை புதுப் புடவையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பலகையில் வைத்து, போன பெண்களின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் படைப்போம். படைத்த புடவையை அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். பேர் சொல்லிக் கூப்பிடுவது வீட்டில் மூத்தவள். அத்தான் வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்பதால், அம்மாவுக்குப் பிறகு அந்த உரிமை அக்காவுடையது. அவள் உன் பேரைச் சொன்னால் நீ எங்கள் வீட்டுப் பெண். சொல்லாவிட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் செத்துப்போன யாரோ ஒருத்தி.

"கூப்பிடறதுக்கு முன்னாடி அவ இருந்த எடத்தப் பாக்கணும்டா. அவ மிதிச்ச மண்ணு ஒரு பிடி எடுத்துக்கிட்டுப் போவணும்" என்றாள் அக்கா. பெட்டியைத் திறந்து ஒரு புடவையை எடுத்தாள். அரக்குக் கலர், கடுகு மஞ்சள் கரை. "அவளுக்கு அரக்குதான் பிடிக்கும்னு எழுதியிருந்தியே. நானே தறிக்குச் சொல்லி நெய்யச் சொன்னேன்."

புடவையை நான் கையில் வாங்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் ஊருக்கு எழுதிய கடிதம் எதையும் உனக்குப் படித்துக் காட்டியதில்லை. நம் கல்யாணச் செய்தி போனதும் அக்கா யாரையோ விட்டு ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். பெண் தமிழ்ப் பெண்தானா, கோயிலுக்குப் போகுமா, புடவை கட்டுமா. மூன்றே கேள்வி. நீ கோயிலுக்குப் போவாய், அது உண்மை. மற்ற இரண்டுக்கும் நான் கொஞ்சம் தாராளமாகப் பதில் எழுதிவிட்டேன்.

ஒரு புடவை எழுதினால் அடுத்த கடிதத்தில் அதற்கு ஒரு கலர் வேண்டியிருந்தது. கலர் வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு போய் உட்கார ஒரு கோயில் குளம் வேண்டியிருந்தது. குளக்கரையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? தேவாரம் பாடவிட்டேன். வத்தக்குழம்பு வைக்கவிட்டேன். நீ கெபாயாச் சட்டை ஓரத்தில் பூத்தையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், நான் எதிரே உட்கார்ந்து கடிதத்தில் போட்டுக்கொண்டிருப்பேன். பதினாறு வருஷம். அதில் ஏமாற்று என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை, மங்களம். உன்னைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை. உன்னை உள்ளபடியே எழுத அக்காவிடம் பயம்.

அக்கா வருகிறாள் என்று தந்தி வந்த அன்றைக்கு நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், கோபிக்காதே. சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றினேன். சாரோங்கும் கெபாயாவும் போட்டுக்கொண்டு, கொண்டையில் ஊசிகளோடு நிற்கிற படம். கண்ணாடிக்குள் பூச்சி போயிருக்கிறது, பார்த்துச் சரிசெய் என்று சொல்லி உன் தங்கை ரத்னத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உன் ஜாடை அவளுக்கு அந்த மாதிரி நேரத்தில்தான் வரும்.

பழக் காலம் வந்துவிட்டது. உங்கள் ஆட்கள் எல்லாம் வீட்டுக்கு வீடு, போனவர்களுக்குப் பழமும் சோறும் படைக்கிற பழப் பர்ச்சுக்கு நாள் பார்த்தார்கள். ரத்னம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை. நீ போன பிறகு வருஷாவருஷம் உனக்கு இலை போடுவது அவள்தான். அந்த ஞாயிறு காலையிலேயே நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பர்ச்சுக்கு அக்காவையும் அழைத்து வரச் சொன்னாள். டவுனில் வேலை இருக்கிறது என்றேன். "தண்ணீர் இலாகாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலுமா?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருடா அந்த மலாய்க்காரப் பொண்ணு? நெத்தியில துன்னூறு பூசியிருக்கு?"

"பக்கத்து வீடுக்கா."

உன் கூடப் பிறந்தவளைத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டு, அன்றைக்கே ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், கிளம்புங்கள் என்று அவசரப்படுத்தினேன். உனக்கு இலை போடுகிற நாளில், உன் இலையிலிருந்து எவ்வளவு தூரம் ஓடமுடியுமோ அவ்வளவு தூரம் ஓடுவதற்காக.

அக்காவையும் அத்தானையும் பெச்சா ரிக்‌ஷாவில் ஏற்றினேன். சீனக் கிழவர் மிதித்தார். நான் சைக்கிளில் கூடவே வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அந்த அரக்குப் புடவை. மங்களம் நடந்த இடமெல்லாம் இதுவும் வரட்டும் என்று எடுத்து வந்திருந்தாள்.

"இந்த டவுன்ல யாரு குளிக்கறதும் என் கையிலதான் அத்தான். ரோட்டுக்கடியில வால்வு இருக்கும். நான் சாவியத் திருப்பினா தொரை சோப்போட நிக்க வேண்டியதுதான்."

"எந்தத் தொரையாவது நின்னிருக்கானா மாப்ள?"

"ரெண்டு பேரு."

"பாவம்" என்றார் அத்தான். "அந்தச் செவப்புக் கட்டடம் யாரு கட்டினது?"

"டச்சுக்காரன். செவப்பு அடிக்கச் சொன்னது எங்க ஆபீசு. வெத்தல எச்சி தெரியாதுல்ல."

"நம்மூரு தாலுக்காக் கச்சேரிக்கும் ஒரு கடுதாசி போடு."

அத்தானோடு எனக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்காதான் கட்டடத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு வேறு ஊர் வேண்டியிருந்தது, என் கடிதத்தில் இருந்த ஊர்.

"கோயில் கொளம் எங்கடா? மங்களம் ஒக்காந்து பாடுவாளே."

"அது... ஜப்பான்காரன் தூத்துட்டான்கா."

"பூப் பறிக்கற நந்தவனம்?"

"அதையும் அழிச்சுட்டான்."

அத்தான் குடையை மடக்கினார். "ஜப்பான்காரன் சண்ட போட வந்தானா, மண்ணு வெட்ட வந்தானா?"

நான் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டேன். கோட்டை வாசலைக் காட்டினேன். குன்றின்மேல் கூரையில்லாமல் நிற்கிற வெள்ளைக்காரன் கோயிலைக் காட்டினேன். அங்கே ஏறி நின்றால் கடல் தெரியும், கப்பல் தெரியும், இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் சுமத்ராவில் துணி காய்வது தெரியும் என்றேன். அக்கா மூச்சு வாங்கிப் புல்லில் உட்கார்ந்தாள். பையிலிருந்து புடவையை எடுத்து ஒரு மடிப்பைப் பிரித்து, கடல் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"பாத்தியா மங்களம், ஒன் ஊர எனக்குக் காட்றான்" என்று புடவையோடு பேசினாள்.

அந்தப் பேச்சு உன்னிடம் அல்ல. என் கடிதத்தில் இருந்தவளிடம். ஆனால் குரலில் எவ்வளவு அன்பு இருந்தது தெரியுமா? உன் உயிர் இருக்கிறவரைக்கும் உனக்கு வந்திருக்க வேண்டிய அன்பு அது. நடுவில் நின்று வேறொருத்திக்குத் திருப்பிவிட்டவன் நான். வால்வு திருப்புகிறவன் புத்தி.

மதியத்துக்கு உஜோங் பாசிர் போனோம். கரையோர மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அத்தான் தூரியான் பழம் சாப்பிட்டே தீருவேன் என்று வழியில் ஒன்று வாங்கியிருந்தார். ஒரு சுளை வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் கடலையே பார்த்தார். எப்படி இருக்கு என்றேன். "முழுங்கணுமா?" என்று கேட்டார்.

நீர் வற்றியிருந்தது. சேற்றில் நாலைந்து பெண்கள் சாரோங்கை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு கிளிஞ்சல் பொறுக்கினார்கள். கல்யாணம் ஆன புதிதில் நாம் அங்கே போனது நினைவிருக்கிறதா? நீயும் அப்படித்தான் இறங்கினாய். நான் கரையில் நின்று, கடலையே எனக்குத் தெரியும், நான் நீந்தியே மலாயாவுக்கு வந்தவன் என்று அளந்துகொண்டிருந்தேன். நீ ஒரு கை சேற்றை அள்ளி என் வேட்டியில் வீசிவிட்டுச் சிரித்தாய். அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. அந்த வேட்டி எங்கே போனது, மங்களம்? நீதானே எடுத்து வைத்தாய்?

அக்காவும் அந்தப் பெண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம மங்களம் இதுல எறங்குவாளாடா?"

"எறங்குவாக்கா."

"பொடவ நனையாது?"

ஜப்பான்காரனை எங்கே கொண்டுவருவது என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒன்றும் வரவில்லை.

"அவ பொடவ கட்டமாட்டாக்கா."

"எறங்கறப்பவா?"

"எப்பவுமே."

அக்கா சோற்றுக் கையோடு திரும்பினாள். "தேவாரம்?"

"பாடமாட்டா. தமிழே பாதிதான் வரும்."

"வத்தக்கொழம்பு?"

"அது நான் வெக்கறது."

அத்தான் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, அப்படி ஒரு பொண்ணாவது இருந்துச்சா?"

"இருந்தா அத்தான். காலையில வாசல்ல வந்து நின்னாளே ஒருத்தி, அவ அக்கா. மலாய்க்காரங்க இல்ல. மலாக்கா செட்டிங்க. வெள்ளக்காரன் வர்றதுக்கு முன்னாடியே வந்து குடியேறின நம்ம ஆளுங்க. பாஷ போயிடுச்சு, சாமி போவல."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புடவையை எடுத்து மடிமேல் வைத்து மடிப்பைச் சரிசெய்தாள். சரியாக இருந்த மடிப்பைத்தான் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள்.

"பதினாறு வருஷம்டா. ஒவ்வொரு கடுதாசி வந்தா நாலு தடவ படிக்கச் சொல்லிக் கேப்பேன். அடுப்புகிட்ட நின்னு அவகிட்ட பேசுவேன். இப்பிடி வெச்சிப் பாரு மங்களம், காரம் கொறச்சிப் போடு மங்களம்னு. நான் யாருகிட்டடா பேசிக்கிட்டிருந்தேன்?"

"என்கிட்டதான்க்கா."

"ஒன்கிட்ட பேசணும்னா ஒன் பேரச் சொல்லத் தெரியாதா எனக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ போய்விட்டாய் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை. இனி எந்தத் தை மாசத்திலும் எங்கள் வீட்டில் யாரும் உன் பேரைச் சொல்லப்போவதில்லை.

"அந்தப் பொண்ணு காலையில எதுக்கு வந்தா?"

"இன்னிக்கு அவங்க வீட்ல படையல். மங்களத்துக்கும் எல போடறாங்க. கூப்பிட வந்தா."

அக்கா எழுந்து நின்றாள். சின்ன வயசில் நான் பள்ளிக்கூடம் போகாமல் மாட்டிக்கொண்ட அன்றைக்குப் பார்த்த கண். "பொண்டாட்டிக்குப் படையல் அன்னிக்கு எங்களக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தறியா? வண்டியக் கூப்புடு."

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. அத்தானுக்கே மனசு கேட்கவில்லை. "மாப்ள, அது என்ன கட்டடம்?"

"தெரியாது அத்தான்."

ரத்னத்தின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. எல்லோரும் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இலைகளில் சோறும் கறியும் பழமும் வைத்துவிட்டு, நீங்களெல்லாம் வந்து சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கில் சாம்பிராணிப் புகை வந்துகொண்டிருந்தது.

ரத்னம் எங்களைப் பார்த்தாள். ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை, ஏன் வரமாட்டேன் என்றாய் என்றும் கேட்கவில்லை. "சுடா மாக்கான்?" என்றாள் அக்காவிடம்.

"என்னடா கேக்கறா?"

"சாப்பிட்டீங்களான்னு."

அக்கா பதில் சொல்லாமல் நேரே கதவுக்குப் போனாள். ரத்னம் குறுக்கே கையை நீட்டினாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், பொறுக்கச் சொல் என்றாள். நான் சொன்னேன்.

அக்கா சட்டென்று பின்னால் வந்துவிட்டாள். குரலைத் தணித்து, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பது மாதிரிச் சொன்னாள். "நாமளும் கதவச் சாத்திட்டு வெளிய தானடா நிப்போம்." பிறகு ரத்னத்தின் பக்கத்தில், அதே பாயில், அதே மாதிரி காலை மடக்கி உட்கார்ந்தாள்.

அங்கே உட்கார்ந்து அக்கா உன்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். ரத்னம் மலாயில் சொன்னாள். நான் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, மங்களம். வாய் எவ்வளவு அரித்தது என்று உனக்குத்தான் தெரியும்.

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

தூரியானும் பச்சரிசிச் சோறும் என்றாள் ரத்னம். அத்தான் ஒருதரம் இருமினார்.

"கோவம் வந்தா?"

பேசமாட்டாள், தைப்பாள். ரொம்பக் கோபம் என்றால் ரொம்ப அழகாகத் தைப்பாள்.

"எந்தம்பிய நல்லாப் பாத்துக்கிட்டாளா?"

இதற்கு ரத்னம் என்னைப் பார்க்காமல் சொன்னாள். ஜப்பான் காலத்தில் அரிசி கைப்பிடிதான் கிடைக்கும். அதை அவருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, நான் முன்னாடியே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு இங்கே வருவாள். எங்களோடு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டுப் போவாள். அவரிடம் சொல்லாதே என்பாள். அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், கெடுக்காதே என்பாள்.

நான் மாற்றிச் சொல்லவில்லை. அக்கா "என்னடா சொல்றா, என்னடா" என்று என் தோளை உலுக்கினாள்.

உண்மைதான். நான் அதைச் சொல்லாத ஆளில்லை. சண்டை நடந்த காலத்திலும் என் வீட்டில் தினம் அரிசிச் சோறு, என் கெட்டிக்காரத்தனம் அப்படி என்று. நான் அளந்ததில் ஒரு சொட்டுக்கூடப் பொய் கலக்காத ஒரே பெருமை அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மங்களம், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து விசிறுவாயே, அப்போது உனக்குப் பசிக்கவில்லையா?

கடைசியில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயசு ஆளுக்கு, அத்தனை பேர் முன்னால்.

கதவைத் திறந்தார்கள். உள்ளே உன் இலைக்குப் பின்னால் நான் கழற்றிக் கொடுத்த படம் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள் ரத்னம். படத்துக்கு முன்னால் உனக்கென்று எடுத்த புது சாரோங், நீலத்தில் பூப்போட்டது.

அக்கா படத்தின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இவதானா" என்றாள். பிறகு சாரோங்கைக் காட்டி, "இத அப்பறம் யாரு கட்டுவா?" என்று கேட்டாள்.

யாரும் கட்டுவதில்லை, மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவோம் என்றாள் ரத்னம்.

"எங்க வீட்ல கட்டணும்னு சொல்லுடா. வீட்டுப் பொண்ணு ஒருத்தி கட்டினாதான் அவ வந்துட்டான்னு அர்த்தம்."

"நமக்கு இங்க பொண்ணு இல்லியேக்கா."

"நான் யாரு?"

அக்காவும் ரத்னமும் சாரோங்கை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்கள். ஒருத்திக்கு ஒருத்தி பாஷை தெரியாது. என்னைக் கூப்பிடவும் இல்லை. முதலில் முணுமுணுப்பு கேட்டது, பிறகு ஏதோ அவிழ்ந்து விழுகிற சத்தம், பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். அத்தான் தன் துண்டை எடுத்துக் கதவிடுக்கில் நீட்டினார், மேலே போர்த்திக்கொள்ளட்டும் என்று.

ஐம்பத்தேழு வயசு அக்கா சாரோங் கட்டிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து வெளியே வந்தாள்.

"நாப்பது வருஷத்துல இவ கணுக்கால இன்னிக்குத்தான் வெளிச்சத்துல பாக்கறேன்" என்றார் அத்தான்.

"சும்மா இருங்க. காத்து நல்லா வருது" என்றாள் அக்கா.

அவள் உன் இலை முன்னால் நின்றாள். தை மாசத்தில் நிற்கிற மாதிரியே கையைக் கூப்பினாள். எங்கள் பாட்டன் வீட்டுப் பெண்களில் ஆரம்பித்து ஒவ்வொரு பேராகச் சொன்னாள். பெரியம்மா பேர் வந்தது. அம்மா பேர் வந்தது. அதற்குப் பிறகு நிறுத்தினாள்.

"மங்களம்" என்றாள். "தையில கூப்புடுவேன், வந்துடு. பொடவ இல்லியேன்னு வாசல்ல நிக்காத. இப்பிடியே வா."

ரத்னத்துக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் உன் பேர் எந்த வரிசையில் வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிக்கொண்டாள்.

ஊருக்குப் போகும்போது அக்கா அந்த நீல சாரோங்கை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். நம் வீட்டு வாசல் மண்ணில் ஒரு பிடி முடிந்துகொண்டாள். அரக்குப் புடவையை என் கையில் கொடுத்துவிட்டாள். "இது நீ எழுதினவளுக்கு நெய்யச் சொன்னது. நீயே வெச்சிக்கோ."

இப்போது அது என் பெட்டியில் கிடக்கிறது. யாருடையது என்று தெரியாத புடவை. ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். உனக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரு தடவை கட்டிப் பார் என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லையே, ஏன்? கேட்டிருந்தால் கட்டியிருப்பாயா? இல்லை, "சுடா" என்றிருப்பாயா?

உன் படத்தை வாங்கிவந்து பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். பதிவு ஆபீசில் இந்த நாட்டுக்காரன் என்று என் பேரையும் கொடுத்துவிட்டேன். அக்கா கூடவே வந்துவிடு என்றுதான் கூப்பிட்டாள். உன்னை விட்டுவிட்டு எங்கே போவது? வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முதல் பிடியில் கை நின்றுவிடுகிறது. நீ எனக்கு மட்டும் சோறு போட்டது எத்தனை நாள், மங்களம்? ஒரு மாசமா, மூன்று வருஷமுமா? ரத்னத்துக்கு அது மட்டும் தெரியவில்லையாம்.

இனிமேல் வருஷாவருஷம் பர்ச்சு அன்றைக்கு எந்த ராஜா விருந்துக்கு வந்தாலும் நான் ரத்னத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பேன். உன் இலைக்குச் சோறு என் கையால் போடுவேன், இலை நிறைய, சூடாக. கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பேன். நீ சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நான் எதுவும் தொடமாட்டேன். கதவு திறந்த பிறகு எனக்கு மரவள்ளிக்கிழங்கு போதும். அவசரப்படாமல் சாப்பிடு.

நீ ஒருத்தி மட்டும் கூப்பிட்ட,
உன் அபாங்